கடைசியாக மாற்றியவர்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்திருக்கிறார்கள். இடம் தெரியாமல் தடுமாறிவிடுவேனாம். பன்னிரண்டாவது முடித்தவள், தமிழில் நூற்றுக்கு எண்பத்தொன்பது வாங்கியவள், எனக்குப் பெருக்கல் குறி. போகட்டும். தாளில் மூன்றே வாக்கியம்தான். நேற்றுக் காலை நான்காவது லைனில் உடைந்த ஊசியின் முனை கிடைத்துவிட்டது. அதை அட்டையில் ஒட்ட மறந்துவிட்டேன். இனி இப்படி நடக்காது. கீழே இப்படிக்கு நாகஜோதி என்று அதையும் அவர்களே டைப் அடித்துவிட்டார்கள். முதல் வாக்கியம் பொய், இரண்டாவது அந்தப் பொய்க்குப் போட்ட ஒட்டு, மூன்றாவதை யார் கண்டது. இந்தக் கம்ப்யூட்டர் ரூமில் ஏசி போட்டுப் போட்டுக் கல்லறை மாதிரி வைத்திருக்கிறார்கள், எனக்குக் குளிர் பட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, வலது பக்கம் கொஞ்சம் அதிகம். மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டரைக்குள் போட்டுக் கொடுத்துரும்மா, ஒரு மணிக்குக் கண்டெய்னர் கிளம்பணும், ஒரு மெமோதான், வேலைக்கு ஒண்ணும் ஆகாது என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது கதவைச் சத்தம் வராமல் சாத்தினார், தூங்குகிற நோயாளியை விட்டுப் போகிற மாதிரி. மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் எந்தக் கதவையும் அப்படிச் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஊசிக்கு இந்தக் கம்பெனியில் இருக்கிற மரியாதை டெய்லருக்குக் கிடையாது. டெய்லர் உடைந்துபோனால் வேறு டெய்லர் வருவாள், ஊசி உடைந்தால் மொத்த லைனும் எழுந்து நிற்க வேண்டும். நாங்கள் தைப்பது கைக்குழந்தை உடுப்பு. பிறந்ததிலிருந்து மூன்று மாசம், மூன்றிலிருந்து ஆறு மாசம் என்று அளவு போட்டுக் கடல் தாண்டிப் போகிறது. உடைந்த ஊசியைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து, அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி. நேற்றுப் பிலோமி அக்கா அளவு லேபிள் மாறிப்போன முந்நூறு பீஸைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். படக்கென்று ஒரு சத்தம், கையைத் தூக்கிவிட்டாள். நான் கயிற்றில் கட்டின காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தரையெல்லாம் இழுத்தோம், மிஷினுக்கு அடியில் இழுத்தோம், மடியை உதறினோம். "ஏட்டி நாகு, எம் முடியிலயும் பாரு, போன தடவ அங்கதான் கெடந்துச்சு" என்று தலையைக் குனிந்து கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்துக் காந்தத்தை ஓட்டினேன். "இதுல பேன் ஒட்டாதுக்கா" என்றேன். அடுத்த மிஷின்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு எப்போதும் இப்படித்தான், எந்த இடத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிடும். அடிப்பாகம் கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. அரிசி நொய்யில் பாதி இருக்கும் அது. லைன் கணக்கைப் பதிகிற டேப்லெட் என் பொறுப்பு, டேப் என்போம், அந்த டேப்பில் பத்து ஐம்பதுக்கு நான்தான் போட்டேன், முனை கிடைக்கவில்லை என்று. அப்படிப் போட்டால் அந்த முந்நூறையும் சிவப்புத் தொட்டியில் போட்டு ஒவ்வொன்றாகக் கையால் தடவித் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். இரும்பு பார்க்கிற மிஷின் உதவாது, அந்த உடுப்புக்குக் கால் நடுவில் இரும்பு பட்டன், மிஷின் எல்லாப் பீஸுக்கும் கத்தும். கிடைத்தது என்று போட்டால் நேரே பேக்கிங். பதினொன்று இருபதுக்கு யாரோ கிடைத்தது என்று மாற்றிவிட்டார்கள். முந்நூறும் மற்ற பீஸோடு கலந்து பதினோரு பெட்டிக்குள் போய்விட்டது. இன்று காலை ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பின அந்த அம்மா, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, டேப்பில் முழு ஊசி, அட்டையில் ரெண்டே துண்டு, முனை எங்கே என்று கேட்டுவிட்டார். முனை எங்கே. ஒரு சின்னக் கேள்வி. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் திரையில் இருந்தது என் பேர்.

என் பேர் திரையில் வந்ததற்குச் சமோசா சாப்பிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். ஜூலையில் புதுசாக இந்த வசதி வந்தபோது எல்லா லைனின் டேப்புக்காரிகளையும் இந்த ரூமில்தான் உட்காரவைத்து, யாழினி, கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், என்னைவிட ரெண்டு வயசு சின்னவள், கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு விளக்கினாள். இனிமே யாரும் எதையும் அழிச்சுட்டுப் போக முடியாதுக்கா, பழசும் இருக்கும், புதுசும் இருக்கும், எத்தனை மணிக்கு மாத்துனாங்க, யார் மாத்துனாங்கன்னு எல்லாம் இருக்கும், தப்புப் பண்ணாதவங்க பயப்படவே வேண்டாம். நாங்கள் கைதட்டினோம். நான்தான் ஒரு கேள்வி கேட்டேன், யார் மாத்துனாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும் என்று. நல்ல கேள்விக்கா, உங்க பேர்ல உள்ளே போறீங்கல்ல, அதை வச்சுத்தான் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று. சமோசா வந்தது, அந்த நல்ல கேள்வியை அதோடு விட்டேனே. உள்ளே போக வேண்டுமென்றால் போனுக்கு ஒரு ஆறு எண் வரும், அதைப் போட வேண்டும். போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், மரப்பெட்டியில், டோக்கன் கொடுத்து. அதனால் காலை எட்டு இருபத்தைந்துக்கு செக்யூரிட்டி பக்கத்தில் நின்று, ஆறு எண்ணைப் போட்டு, டேப்பைத் திறந்து, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே வருவேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் டேப் மூடவே கூடாது, மூடினால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். லைன் தலைமாட்டில் ஒரு கொக்கி, அதில் தொங்கும். என் பேரைத் திறந்துபோட்டு நாள் முழுக்கத் தொங்கவிட்டிருந்தேன், கொடியில் துணி மாதிரி. டீக்குப் போனால் யாராவது எடுத்துப் போடுவார்கள், நான் இல்லாதபோது பிலோமி அக்காகூடப் போட்டிருக்கிறாள், எல்லா லைனிலும் அப்படித்தான். ஆறாவதில் நான் கிளாஸ் லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பேரைப் போர்டில் எழுத வேண்டும். அடங்காதவர்களுக்குப் பக்கத்தில் மி என்று போட வேண்டும், மிக, இன்னும் அடங்காவிட்டால் இன்னொரு மி. சரோஜினி என்று ஒருத்தி, வாயே திறக்க மாட்டாள், அன்றைக்கு எல்லாரும் சத்தம் போட்டார்கள், என் கூட்டாளிகள் பேரை எழுத மனசு வராமல் அவள் பேரை எழுதி மூன்று மி போட்டேன். டீச்சர் வந்து போர்டைப் பார்த்து அவளை அடித்தார். அவளும் நான் பேசல டீச்சர் என்று சொல்லவில்லை. போர்டில் இருக்கிறதே. எழுதியிருந்தால் நடந்ததுதான். எதற்கு இப்போது அவள் ஞாபகம். பன்னிரண்டு பதினொன்று.

யாழினி சாப்பிடப் போகிறபோது திரையை மூடாமல் போய்விட்டாள். அவளும் அப்படித்தான், கண்ணாடி போட்டவளுக்கும் அதே பழக்கம். என் டேப்பைச் சாட்சிப் பொருள் மாதிரி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரையில் நேற்றைய வரி. பழையது, கிடைக்கவில்லை. புதியது, கிடைத்தது. நேரம் பதினொன்று இருபது. கடைசியாக மாற்றியவர், நாகஜோதி. பதினொன்று இருபதுக்கு நாகஜோதி எங்கே இருந்தாள்? மேலே மாடியில், குழந்தைகள் காப்பகத்தில், இடது கையில் தலையை ஏந்திக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை, அதுதான் கணக்கு. நடுவில் போனது சென்னியப்பன் அண்ணன் அனுப்பித்தான். எங்கள் சூப்பர்வைசர். கண்ணு, மேல பாப்பா அழுவுதாமா, போயிட்டு வந்துரு, நான் பார்த்துக்கறேன். எப்படிப்பட்ட மனுஷன் என்று ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரரிடம் சொல்லி அவருக்கே கொஞ்சம் பொறாமை. சும்மா கையை வைத்திருக்க முடியாமல் அந்த மவுஸின் சக்கரத்தை உருட்டினேன். மேலே மேலே போனது. கிடைக்கவில்லை, கிடைத்தது. கிடைக்கவில்லை, கிடைத்தது. ஒன்பது வரி. ஒன்பதிலும் என் பேர். ஆகஸ்ட் பதினான்கு, பதினொன்று ஒன்பது. அந்தத் தேதி எனக்குத் தெரியும். மறுநாள் கொடியேற்றம் என்று காப்பகத்தில் எல்லாக் குழந்தைக்கும் சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தார்கள், நான் உள்ளே நுழைகிறேன், என் பிள்ளை தன்ஷிகா முக்கி முக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து என் கண் முன்னால் குப்புற விழுந்தாள். முதல் தடவை. விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி யாருடா பார்த்தது என்கிற மாதிரி ஒரு பார்வை. கீழே வந்து லைன் முழுக்கச் சொன்னேன், அண்ணே, பிள்ளை குப்புற விழுந்துட்டா, நீங்க அனுப்பலைன்னா பார்த்திருக்கவே மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். டேப்பைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே சிரித்தார். செப்டம்பர் பத்தொன்பது, ரெண்டு நாற்பது. பல். கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கடுகு, நகத்தால் தட்டினால் டிக் என்றது. செப்டம்பர் முப்பது, அன்றைக்கு நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள், அங்காத்தாள் அக்கா, காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், "நான் ஒண்ணும் சொல்லி உடலியே புள்ள" என்றார். அக்காவுக்கு மறதி என்று நினைத்தேன். பத்து நிமிஷம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்தேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அதைவிடச் சுகமான பத்து நிமிஷம் எனக்கு இருந்ததில்லை. அதற்கும் ஒரு வரி இருக்கிறது இங்கே. பன்னிரண்டு நாற்பத்தேழு.

இல்லை, இரு, அவசரப்படாதே. அவர் ஒன்பது தடவைக்கு மேலேயே அனுப்பியிருப்பார். எத்தனையோ தடவை. எண்ணிப் பார். கொடி அன்றைக்கு, பல் அன்றைக்கு, மழை வந்து கரண்ட் போனதே அன்றைக்கு, சளி பிடித்து மூக்கு ஒழுகினபோது ரெண்டு தடவை. விரல் மடக்கி மடக்கி எண்ணுகிறேன், ஒவ்வொரு விரலுக்கும் திரையில் ஒரு வரி வருகிறது, வராமல் இருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டு எண்ணுகிறேன், என்ன கூத்து இது, ஒரு மனுஷன் என்மேல் இரக்கப்பட்டதற்கு ஒரே ஒரு அத்தாட்சி தேடுகிறேன். கிடைத்தது. பத்தாவது தடவை. இந்த மாசம் மூன்றாம் தேதி, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள், காய்ச்சல் எப்படி இருக்குதுன்னு போய்ப் பார்த்துட்டு வா கண்ணு என்று அவராகவே அனுப்பினார். மூன்றாம் தேதிக்குத் திரையில் வரி இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது எனக்கு. அந்த மூச்சு முடிவதற்குள் ஞாபகமும் வந்துவிட்டது. மூன்றாம் தேதி நான் கீழே இறங்கி வந்தபோது டேப் அணைந்து கிடந்தது. சார்ஜ் தீர்ந்துபோய். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சார்ஜ் போட மாட்டியா கண்ணு என்று கேட்டார், கொஞ்சம் கடுப்பாக. நான் மன்னிப்புக் கேட்டேன்.

அப்படியென்றால் நேற்றையது ஒன்பதாவது. மற்ற எட்டு முனை எங்கே? அந்த அம்மா இதைக் கேட்கவில்லை, அவர் கண்ணில் பட்டது ஒரு அட்டைதான். எட்டும் பெட்டியில் ஏறிக் கப்பலேறிப் போய் எங்கெங்கோ ஒரு கடையில் தொங்கி யாரோ ஒருத்தி கையில் எடுத்து, அய்யோ எவ்வளவு மிருதுவாக இருக்கு என்று கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். நானும் அப்படித்தானே வைத்துப் பார்ப்பேன். லேபிள் கழுத்துக்குப் பின்னால் வருகிறது. பிள்ளைக்குப் பேசத் தெரியாது. அழும். பால் கொடுப்பார்கள், கொசு என்பார்கள், வயிற்று வலி என்பார்கள், தோளில் போட்டுத் தட்டுவார்கள், தட்டத் தட்ட உள்ளே போகும். வேண்டாம். வேறு எதையாவது நினை. நினைக்க முடியவில்லை, ஏனென்றால் கலர் மங்கிப்போன பீஸை எங்களுக்கே கொடுப்பார்கள், தன்ஷிகா இப்போது மேலே போட்டுக்கொண்டிருப்பதும் நான்காவது லைன் உடுப்புத்தான், மஞ்சளில் வாத்து போட்டது. காலையில் நான்தான் மாட்டிவிட்டேன். கையை நுழைக்கும்போது அழுதாளா? அழுதாள். தினமும் அழுவாள். நேற்று அழுத மாதிரிதான் அழுதாளா? யாரிடம் கேட்க. நேற்று எப்படி அழுதாள் என்று எழுதிவைக்க ஒரு மிஷினும் இல்லை. ஜாக்கெட் நனைந்துவிட்டது. பிள்ளையை நினைத்தால் போதும், பால் தானாக இறங்கிவிடும், இதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம். சேலை முந்தியை இழுத்து மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பதினெட்டு.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? ஒரு மெமோ. பிள்ளை மேலே, நான் கீழே, நாளைக்கும் இதே கொக்கி. போடாவிட்டால்? பதினோரு பெட்டியையும் பிரிப்பார்கள், கண்டெய்னர் நிற்கும், சென்னியப்பன் அண்ணன் போவார், அவருக்கு முன்னால் நான் போவேன். என் பேரை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டேன் என்று சேருகிறபோது ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதிலும் இதே பெருக்கல் குறி இருந்தது. வேறு கம்பெனிக்குப் போகலாம், காப்பகம் இருக்கிற கம்பெனி பக்கத்தில் எது இருக்கிறது? வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை, வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. யாழினியின் கம்ப்யூட்டர் திறந்து கிடக்கிறது. இதிலேயே நேற்றைய வரியை அழுத்தி, கிடைக்கவில்லை என்று மாற்றிவிட்டால் போதும். பேக்கிங்கில் சிவப்புக் காட்டிப் பெட்டி நின்றுவிடும். கடைசியாக மாற்றியவர் யாழினி என்று வரும். நான் கையெழுத்தும் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக லைனுக்குப் போய்விடலாம். அவள் படித்த பெண், சமாளித்துக்கொள்வாள், அவளை யாரும் அனுப்ப மாட்டார்கள். மவுஸை நகர்த்திவிட்டேன். அம்புக்குறி அந்த வரிமேல் போய் நின்றது. விரல் மேலே இருந்தது. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா, ஒரு பாரமும் இல்லை, ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, நல்லதுக்குத்தானே என்றுதான் இருந்தது. சென்னியப்பன் அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒன்பது தடவையும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சூடு பட்ட கை மாதிரி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. அவர்தான். கையில் காகிதக் கப்பில் டீ, எனக்கு.

"கண்ணு, போட்டாச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"என்ன சாமி, மூணு வரிக்கு அரை மணி நேரமா? பொண்ணு பார்க்க வந்தாப்ல உக்காந்திருக்கற. டீயக் குடி, போடு, போ."

"அண்ணே, முனை யாருக்குக் கிடைச்சுது?"

"உனக்குத்தான். உன்ற பேருதான இருக்குது." ஏமாற்றுகிற குரலில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஆகஸ்ட் பதினாலும் எனக்குத்தான் கிடைச்சுதாண்ணே?"

திரையைப் பார்த்தார். டீயை மேசைமேல் வைத்தார், கொஞ்சம் சிந்தியது. தாளில் படாமல் தாளைத் தள்ளி வைத்தார், அவ்வளவு கவனம். "இதயெல்லாம் எதுக்கு நோண்டற? நாகு, இங்க பாரு. உன்னைய நான் என்னைக்காச்சும் ஒரு சொல்லு சொல்லியிருப்பனா? மூணாவது லைன்ல போய்க் கேளு, ஒண்ணுக்குப் போறதுக்கே டோக்கன் வெச்சிருக்கறான். என்ற லைன்ல, புள்ளைக்குப் பால் குடுக்கறதுக்கு உன்னைய எத்தன தடவ மேல உட்டேன்?"

"ஒம்பது தடவைண்ணே."

அவர் முகம் ஒரு நிமிஷம் துடைத்த பலகை மாதிரி ஆனது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையா? ஒரு தடவ முந்நூறு பீஸ எரிச்சதுக்கு என்னைய ஆபீஸ்ல நிக்க வெச்சு என்ன பேசுனாங்கன்னு உனக்குத் தெரியாது. பொண்டு புள்ளைகளப் பத்தியெல்லாம் பேசுனாங்க. ஒரு நொய்யளவு முனை. துணியில இருக்குதோ, தரையோட போச்சோ. எங்கியோ இருக்கற புள்ளைக்காக இங்க இருக்கற புள்ளைக சோத்துல மண்ணப் போடுவியா?" கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். "மேல பாப்பா அழுவுதாமா. போட்டுட்டுப் போயிப் பாரு."

போய்விட்டார். மேசையில் இன்டர்காம் இருந்தது. மாடிக்கு ரெண்டு எண். எடுத்து அழுத்தினேன், அவசரத்தில் முதல் தடவை கேண்டீனுக்குப் போய்விட்டது, பருப்பு இன்னும் வேகவில்லை என்று யாரோ கத்தினார். திரும்ப அழுத்தினேன். "அக்கா, நான் நாகு. பிள்ளை அழறாளா?" "ஏன் புள்ள, அது தூங்கி அரை மணி ஆச்சே. குப்புறப் படுத்துக் குறட்டை வேற." "அக்கா, அந்த மஞ்சச் சட்டையக் கழட்டிருங்க." "தூங்கற புள்ளையவா?" "கழட்டிருங்கக்கா. எழுந்தா எழட்டும்." போனை வைத்தேன். பன்னிரண்டு இருபத்தாறு. பொய் சொன்னதில்கூட எனக்கு அவ்வளவு இல்லை. நான் எதிரில் உட்கார்ந்து ஒன்பது என்று சொன்ன பிறகும், அதே பொய்யை, அதே குரலில், புதுசாக ஒன்று யோசிக்கிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல் சொன்னாரே. அவ்வளவுதான் நான். பிள்ளை அழுகிறது என்றால் ஓடுகிற ஒன்று. மணி அடித்தால் வருகிற மாடு. தப்பில்லை, ஓடத்தான் செய்தேன், நாளைக்கு யாராவது சொன்னாலும் ஓடுவேன், அதை நான் மாற்றிக்கொள்ள முடியாது, அதை வைத்து என்னை மாற்றிவிட்டார்கள்.

டேப்பை எடுத்தேன். திறந்துதான் இருந்தது, காலையில் கேட்டில் நின்று நானே திறந்தது. நேற்றைய வரியைத் தொட்டேன். கிடைத்தது என்பதைத் தொட்டதும் கீழே இன்னொன்று விரிந்தது, கிடைக்கவில்லை. அதைத் தொட்டேன். காரணம் என்று ஒரு பெட்டி வந்தது. பழைய ஒன்பதிலும் அந்தப் பெட்டியில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார். நான் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். முனை கிடைக்கவே இல்லை. பதினோரு பெட்டியையும் பிரித்துத் தேடவும். முன்பு மாற்றியபோது நான் லைனில் இல்லை. சேமி என்பதை அழுத்தினேன். யாழினியின் திரையில் மேலே ஒரு புது வரி வந்து உட்கார்ந்தது. கடைசியாக மாற்றியவர், நாகஜோதி. நான் இதற்குள் என்னென்னமோ எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒன்றும் இல்லை. முன்னால் இருந்த வரிகளும் இதுவும் ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே கறுப்பு. அவர் போட்ட பொய்க்கும் நான் போட்ட மெய்க்கும் அந்த மிஷினுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரு கைதான். இவளே மாற்றினாள், இவளே பயந்து திருப்பி மாற்றினாள், இப்போது வந்து நான் இல்லை என்கிறாள் என்பார்கள். அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும். பெட்டி நிற்கிறதல்லவா. பழைய எட்டும் இருக்கிறது. கப்பலேறிப்போனதை மாற்றினால் ஆர்டர் கொடுத்தவர்களுக்கே நேராகத் தகவல் போகும் என்று அன்றைக்கு யாழினி சொன்னாள், சமோசா வருவதற்குக் கொஞ்சம் முன்னால். ஆகஸ்ட் ஆறைத் தொட்டேன். காரணம் என்று பெட்டி வந்தது.

பேக்கிங் பக்கம் என்னமோ விழுந்த மாதிரி சத்தம், அப்புறம் பேச்சுச் சத்தம், அப்புறம் வராந்தாவில் ஓடி வருகிற செருப்பு. கதவு இந்தத் தடவை சுவரில் போய் அடித்தது. சென்னியப்பன் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் வாயில் சோற்றோடு யாழினி.

"நாலாவது லைன் பெட்டி பூராத்தையும் நிறுத்தியிருக்குது! யாரு மாத்துனது?"

"பேரு போட்டிருக்குதுல்லண்ணே," என்றேன், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "படிச்சுப் பாருங்க."

ஆகஸ்ட் ஆறு. முனை கிடைக்கவில்லை, என்று தட்டிக்கொண்டிருந்தேன்.